கிணற்றில் போடப்பட்ட பெயர்கள்: வேல்ஸின் எலியன் கிணறு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

'சாபக் கிணறு' என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஊருக்கு வெளியே, புளியமரத்தை ஒட்டி, கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கும் ஒரு பாழுங்கிணறு. அதில் எந்தக் காலத்திலோ விழுந்து இறந்த ஒரு பெண். அவள் இன்றும் உயிர்க்காவு கேட்கிறாள் என்ற பேச்சு. தூர்வார இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மேலே வராமற்போகும்போது அந்தப் பேச்சு உறுதிப்படுகிறது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் தேங்கும் நச்சுக்காற்றுதான் மூவரையும் கொன்றது என்று தீயணைப்புத் துறையினர் சொல்வது பேச்சின் வேகத்தைக் குறைப்பதில்லை. இந்தக் கதைகளில் எல்லாம் கிணறுதான் சாபத்துக்கு உள்ளானது. பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரை இயங்கிய எலியன் கிணறு இதற்கு நேர்மாறானது. அதன் நீரில் யாரும் செத்ததாகக் கதை இல்லை. அதைக் கண்டு யாரும் விலகிப் போகவும் இல்லை. மக்கள் அதைத் தேடி நடந்து வந்தார்கள். தமக்குத் தீங்கு செய்தவரின் பெயரை அதற்குள் இடுவதற்காகவும், தம் பெயர் அதற்குள் இடப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால் அதை வெளியே எடுப்பதற்காகவும் வந்தார்கள்.

வேல்ஸ் மொழியில் அதன் பெயர் 'ஃபன்னன் எலியன்'. ஃபன்னன் என்பது ஊற்றையும் கிணற்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல்; ஆகவே நம் ஊர் வட்டக் கிணற்றையோ மாடு கட்டி இறைத்த கமலைக் கிணற்றையோ இங்கே கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நிலத்திலிருந்து தானே சுரந்து வரும் நீரைத் தேக்கிவைத்த சிறு தொட்டி என்று கொள்வதே பொருந்தும். மரக் குவளையால் மொண்டே அதை வற்றச் செய்துவிடலாம் என்பது பின்னால் வரப்போகும் சடங்குக்கு மிகவும் முக்கியமான செய்தி.

புனிதர் ஒருவர் விட்டுச்சென்ற வாக்கு

வேல்ஸின் வடக்குக் கடற்கரையில் இன்று கொல்வின் பே என்ற நகரம் இருக்கிறது. அதற்குச் சற்று உள்நோக்கி, மேட்டு நிலத்தில், லானெலியன் என்ற சிற்றூர் உள்ளது. 'லான்' என்பது தேவாலயம் அமைந்த இடத்தைக் குறிக்கும். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் புனித எலியன் பெயரால் ஊர் அமைந்தது. ஊர்க் கோயிலிலிருந்து சிறிது தொலைவில், வயல்வெளியில், அந்த ஊற்று இருந்தது. பழைய எல்லைப்படி டென்பிஷயருக்கு உரிய பகுதி இது. இன்றைய நிர்வாகத்தில் கான்வி மாவட்டத்தைச் சேர்ந்தது.

தோற்றக் கதை எளிமையானது. அவ்வழியே நடந்து வந்த எலியன் தாகத்தால் தவித்து இறைவனை வேண்ட, அவர் காலடியில் நீர் சுரந்தது. நன்றி சொன்ன புனிதர், இந்த நீரிடம் நம்பிக்கையோடு வருகிறவர் எதை வேண்டினாலும் அது கிடைக்கட்டும் என்று மேலும் ஒரு வரம் கேட்டார். இக்கதையின் முதற்பகுதி வேல்ஸின் ஏராளமான புனித ஊற்றுகளுக்குப் பொதுவானது. இரண்டாம் பகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. 'எதை வேண்டினாலும்' என்ற சொல்லுக்கு வேலி இல்லை. பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்பதும் வேண்டுதல். பக்கத்து வீட்டுக்காரன் கை முடங்க வேண்டும் என்பதும் வேண்டுதல். நம் புராணங்களில் அசுரர்களுக்கு வரம் கொடுத்த தெய்வங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் அது நோய் தீர்க்கும் ஊற்றாகவே இருந்தது. நோயுற்ற குழந்தைகளுக்காக அங்கே காணிக்கை செலுத்தப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் வேல்ஸும் ரோமச் சபையிலிருந்து பிரிந்தபின் புனிதர் வழிபாடும் புனித யாத்திரைகளும் அரசால் ஒடுக்கப்பட்டன. ஆனால் சட்டத்தால் ஒரு பூசையை நிறுத்தலாம், ஊற்றை நிறுத்த முடியாது. குருமார் விலகிய பிறகும் மக்கள் அவ்விடங்களுக்குப் போய்வந்தார்கள். இதே வட வேல்ஸில், பிளின்ட்ஷயரில் உள்ள புனித வினிஃபிரெட் ஊற்று கத்தோலிக்கர்களின் ஆதரவில் தொடர்ந்து பிழைத்து, இன்றுவரை நோய் தீர்க்கும் தலமாகவே இருக்கிறது. எலியன் ஊற்றுக்கு அத்தகைய காவல் அமையவில்லை. கேட்பாரற்றுப் போன வரம் நிலத்தோடு சேர்ந்து, நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கைக்குப் போயிற்று என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

நலம் வேண்டும் இடம் எந்த ஆண்டில் கேடு வேண்டும் இடமாயிற்று என்று கோடு கிழிக்க முடியாது. 1770களில் அந்த மாற்றம் முழுமையாகிவிட்டது என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. பிளின்ட்ஷயரைச் சேர்ந்த இயற்கையியலாளரும் பயண எழுத்தாளருமான தாமஸ் பென்னன்ட், தன்னால் பாதிக்கப்பட்டதாகக் கருதிய ஒருவன், புனித எலியனின் பழிவாங்கலைச் சொல்லித் தன்னை மிரட்டியதாகவும், அந்தக் கிணற்றுக்கே நடந்துபோய்ச் சபித்துவிடுவேன் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். பென்னன்ட் நிலமும் செல்வாக்கும் உள்ளவர். மிரட்டியவனுக்கு அவரை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் வழியில்லை, கைநீட்டவும் வழியில்லை. அவன் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த வாக்கியம். அதை அவன் பென்னன்டின் முகத்துக்கு நேராகச் சொன்னான் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்த ஆய்வின் மையமே அதுதான்.

போடுதலும் எடுத்தலும்

அவ்வட்டாரத்தார் 'சபித்தல்' என்று சொல்வதைவிட 'கிணற்றில் போடுதல்' என்றே மிகுதியும் சொன்னார்கள். சாபத்தை நீக்குவது 'கிணற்றிலிருந்து எடுத்தல்'. இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் முழு ஏற்பாடும் அடங்கிவிடுகிறது.

போடும் முறையைப் பற்றிக் கிடைக்கும் விவரங்கள் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்டாலும் பொதுவான வடிவம் தெளிவாகவே இருக்கிறது. வருகிறவர் கிணற்றுக்குப் பொறுப்பாக இருப்பவரிடம் பணம் கட்டுவார். அவரை இனி நம் வழக்கப்படி கிணற்றுப் பூசாரி என்றே அழைக்கலாம். அவர் எந்தச் சபையின் குருவும் அல்லர், ஆனால் செய்தது பூசாரி வேலைதான். சபிக்கப்பட வேண்டியவரின் பெயர் ஒரு ஏட்டில் எழுதிக்கொள்ளப்படும். பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ பலகைக்கல் துண்டிலோ ஈயத் தகட்டிலோ கீறப்பட்டு நீருக்குள் இடப்படும். குண்டூசி போடுவதும், ஊசி குத்திய தக்கையைப் போடுவதும் உண்டு. வேதாகமத்திலிருந்து சில பகுதிகள் வாசிக்கப்படும். வந்தவர் அந்த நீரில் சிறிது குடிப்பார். அவர்மேலும் நீர் தெளிக்கப்படும். தன் வேண்டுதலை அவர் வாய்விட்டுச் சொல்வார்.

எடுக்கும் முறை இதைவிட நீளமானது, செலவும் உழைப்பும் மிக்கது. தன் பெயர் உள்ளே கிடக்கிறது என்று நம்பி வருகிறவர் முதலில் வேதாகமம் வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்க வேண்டும். பிறகு கிணற்றை மும்முறை சுற்றிவர வேண்டும். பூசாரி நீரை இறைத்து வற்றச் செய்வார். அடியில் கிடக்கும் கல்லையோ தகட்டையோ தேடி எடுத்து, இதோ உன் பெயரெழுத்து என்று கையில் கொடுப்பார். அதைத் தூளாக்கி உப்போடு கலந்து நெருப்பில் இட வேண்டும். வீட்டுக்குத் திரும்பியபின் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் வேதாகமத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களும் யோபுவின் புத்தகமும் வாசிக்க வேண்டும். யோபுவைத் தேர்ந்தெடுத்த மூளையை நான் வியக்காமல் இருக்க முடியவில்லை. குற்றம் ஏதும் செய்யாமலேயே ஆடுமாடு, பிள்ளைகள், உடல்நலம் அனைத்தையும் இழந்து, தன் துன்பத்துக்குக் காரணம் கேட்கும் ஒருவனின் கதை அது. யாரோ ஒருவர் தன்னைக் கிணற்றில் போட்டுவிட்டார் என்று நம்பி நோயில் கிடக்கும் ஒரு விவசாயிக்கு அதைவிட நெருக்கமான வாசிப்பு கிடைக்காது.

இங்கே ஓடும் நூல்கள் எல்லாம் கிறித்தவ நூல்களே என்பது குறிப்பிடத்தக்கது. வேல்ஸ் மக்களிடம் 1588 முதல் தம் மொழியிலேயே முழு வேதாகமம் இருந்தது. பூசாரி புதிய மந்திரம் எதையும் உண்டாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட அதே வாசகங்களை வயல்வெளியில், நீர்விளிம்பில் நின்று, வேறொரு காரியத்துக்காக வாசித்தார். எலியன் கிணற்றைப் கிறித்தவத்துக்கு முந்தைய பேகன் சமயத்தின் எச்சம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் எழுத்துகள் இந்த உண்மையைக் கடந்துபோய்விடுகின்றன.

அந்த எழுத்துகள் தமக்குச் சான்றாகக் காட்டுவது இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றை. ரோமானியர் ஆட்சிக்காலத்தில் அங்கே சூலிஸ் மினெர்வா என்ற பெண்தெய்வத்தின் ஊற்றுக்குள் மக்கள் சாப ஏடுகளை எறிந்தார்கள். 1979, 1980 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் பெரும்பகுதி வெளிப்பட, இன்று ஏறக்குறைய 130 ஏடுகள் கிடைத்துள்ளன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டில் கூரிய முனையால் கீறிச் சுருட்டி எறியப்பட்டவை அவை. டோசிமெடிஸ் என்பவர் தன் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் போக வேண்டும் என்று கேட்கிறார். முக்காடிட்ட மேலாடையை இழந்த மற்றொருவர், அதைக் கோயிலுக்குக் கொண்டுவரும்வரை திருடியவனுக்கு உறக்கமும் பிள்ளைப்பேறும் கிட்டக் கூடாது என்கிறார். திருடன் யாரென்று தெரியாததால், ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் அடிமையல்லாதவராயினும் என்று வக்கீல் பத்திரம்போல் எழுதிவைத்தவர்களும் உண்டு. ஈயம், கீறிய பெயர், ஊற்று என்று மூன்றும் பொருந்துவதால் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட மனம் விரும்புகிறது. ஆனால் இடையில் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பும் தொடர்ச்சியான சான்று எதுவும் இல்லை. ஒரே வகையான இக்கட்டில் அகப்பட்ட மனிதர்கள் ஒரே வகையான வழியைத் தனித்தனியே கண்டடைந்தார்கள் என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

அந்த வகைக்கு நம் பக்கத்திலும் உறவினர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் காளி கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார்கள். விருத்தாசலத்தை அடுத்த கொளஞ்சியப்பர் கோயிலில் தம் குறையை மனுவாகத் தாளில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். ஆனைமலை மாசாணியம்மன் சன்னதியில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். இவை எவற்றுக்கும் வேல்ஸோடு தொடர்பில்லை. இருந்தாலும் 'பிராது' என்ற சொல் நமக்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. வழக்கு, மனு, நீதிக்கல் என்று எல்லாமே நீதிமன்றத்தின் சொற்கள். மந்திரவாதியின் சொற்கள் அல்ல.

அந்த ஊர் நீதிமன்றம் என்ன மொழி பேசியது?

வேல்ஸ் 1536 முதல் இங்கிலாந்தின் சட்ட அமைப்போடு இணைக்கப்பட்டபோது, நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமே என்று விதிக்கப்பட்டது. எலியன் கிணற்றைச் சுற்றி வாழ்ந்த குடியானவர்களுக்கோ வீட்டு மொழி, வயல் மொழி, சந்தை மொழி எல்லாம் வேல்ஸ் மொழி. மாடு திருடு போனால், கொடுத்த வாக்கை மீறி ஒருவன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டால், எல்லைக் கல்லை நகர்த்தினால், முறையிடப் போகும் மன்றத்தில் நீதிபதி பேசுவது ஒன்றும் புரியாது. இவர் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சுருக்கிச் சொல்வார். அதற்குச் செலவும் உண்டு, தொலைவும் உண்டு. வேல்ஸ் மொழியில் சாட்சி சொல்லும் உரிமையைத் தெளிவாக வழங்கிய சட்டம் 1942-இல்தான் வந்தது.

இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால் கிணற்றின் ஏற்பாடு முழுவதும் ஒரு மன்றத்தின் நிழலாகவே தெரிகிறது. பெயர் பதியும் ஏடு இருக்கிறது. கட்டணம் இருக்கிறது. முறையீடு வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது, எழுத்தில் பதிகிறது. எதிர்வாதி விடுதலை கேட்டு வர வழி இருக்கிறது. எல்லாம் தாய்மொழியில் நடக்கிறது. வறுமையும் அறியாமையும் மக்களைக் கிணற்றுக்கு இழுத்தன என்று அக்காலத்துக் கனவான்கள் எழுதியதில் பாதி உண்மை இருக்கலாம். மறுபாதியை அவர்கள் தம் நீதிமன்ற வாசலில் தேடியிருக்க வேண்டும்.

ஆனால் மன்றத்துக்கும் கிணற்றுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மன்றம் அழைப்பாணை அனுப்பும். கிணறு அனுப்பாது. போட்டவரே போய்ச் சொல்ல வேண்டும், அல்லது ஊர்வாய் சொல்ல வேண்டும். சொல்லப்படாத சாபம் நீருக்கடியில் கிடக்கும் வெறும் கல்.

இதை நான் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை. என் சிறுவயதில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கொல்லையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வெண்கலச் செம்பு ஒன்று காணாமற்போயிற்று. என் பாட்டி யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் இறங்கி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரு பக்கமும் கேட்கும்படி, "வெள்ளிக்கிழமை நான் காசு வெட்டிப் போடப் போறேன், அப்புறம் யாரும் என்கிட்ட வந்து அழக் கூடாது" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். வியாழக்கிழமை விடியலில் செம்பு திண்ணையில் இருந்தது. அடிப்பகுதியில் புதிதாக ஒரு நசுங்கல். பாட்டி கோயிலுக்குப் போகவே இல்லை. போக வேண்டிய தேவை இல்லை என்பது அவருக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சாபம் உடலில் வேலை செய்யுமா

கிணற்றில் போடப்பட்டதாகக் கேள்விப்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், சிலர் தேறவே இல்லை என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இதை எவ்வளவு தூரம் ஏற்கலாம்?

அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1942-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், சூனியத்துக்கு ஆளானதாக நம்பியவர்கள் உண்மையாகவே இறந்துபோனதாகப் பல நாடுகளிலிருந்து வந்த செய்திகளைத் தொகுத்து, நீடித்த கடும் அச்சம் நரம்பு மண்டலத்தை ஓயாத கிளர்ச்சியில் வைத்து இரத்த அழுத்தத்தைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்று வாதிட்டார். பின்வந்தோர் சிலர், அவ்வாறு இறந்தவர்கள் உணவும் நீரும் இன்றிக் கிடந்ததே காரணமாக இருக்கலாம் என்று மறுத்தனர். கேடு வரும் என்ற எதிர்பார்ப்பே வலியையும் குமட்டலையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கும் என்பதை இன்றைய மருத்துவம் 'நோசிபோ' என்ற பெயரில் ஏற்றுக்கொள்கிறது. எலியன் கிணற்றைப் பொறுத்தவரை யாரும் அச்சத்தால் இறந்தார் என்று காட்டும் மருத்துவச் சான்று இல்லை. காசநோயும் டைபஸ் காய்ச்சலும் வீடுதோறும் இருந்த காலத்தில், ஒருவரிடம் உன்னைக் கிணற்றில் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஓராண்டு காத்திருந்தால் ஏதாவது ஒரு நோய் வராமற்போவதுதான் வியப்பு. அதைவிடப் பெரும்பாலும் வரிசை தலைகீழாகவே இருந்திருக்கும்: நோய் முதலில் வந்தது, காரணம் பிறகு தேடப்பட்டது, பகையாளி நினைவுக்கு வந்தார், கிணறு கைக்குக் கிடைத்தது.

தையற்காரர் ஜாக்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெண்மணி இந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பின்வந்தவர்களில் பெயர் நிலைத்தவர் ஜான் எவன்ஸ், தொழிலால் தையற்காரர், 'ஜாக் ஃபன்னன் எலியன்' என்றே ஊரால் அழைக்கப்பட்டவர். வேல்ஸில் குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. எவன்ஸ்களும் ஜோன்ஸ்களும் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்ததால் தொழிலையோ இடத்தையோ பெயரோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். அந்த வழக்கப்படி இவர் பெயரில் கிணறு ஒட்டிக்கொண்டது.

கிணற்றின்மீது திருச்சபைக்கும் மெதடிஸ்டு முதலான புதிய சபைகளுக்கும் ஒரேபோல் வெறுப்பு இருந்தது. 1829 ஜனவரியில் அதிகாரத்தில் இருந்தோர் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, நீரை வடிகாலில் திருப்பிவிட்டார்கள். கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று வழக்காடியவன் கதை நமக்குத் தெரியும். இங்கே நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இடிக்கப்பட்டது கற்கட்டடம், ஊற்று கண் மூடவில்லை. ஜாக் அந்த நீரைத் தன் தோட்டத்துப் பக்கம் வழிப்படுத்தி அங்கே புதிதாக ஒரு கிணறு அமைத்துக்கொண்டார். வருகிறவர்களும் புதிய இடத்துக்கு வந்தார்கள். புனிதரின் காலடியில் சுரந்தது எந்த இடம் என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1831-இல் ஜாக் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நோயாளியான தன் கணவர் கிணற்றில் போடப்பட்டிருப்பதாக நம்பி அவரை எடுத்துவிடக் கோரி வந்த ஒரு பெண்ணிடம் 7 ஷில்லிங் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. அக்காலத்து வட வேல்ஸ் பண்ணைக் கூலியாளுக்கு அது ஏறக்குறைய ஒரு வார வருமானம். நீரை இறைத்து, கணவரின் பெயரெழுத்து கீறிய பொருளை எடுத்துக்கொடுத்து, வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார் ஜாக். பொய் சொல்லிப் பணம் பறித்தார் என்று தீர்ப்பாகி 6 மாதச் சிறை கிடைத்தது. இதற்கு முன்பும், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிணற்றோடு எந்த உரிமையும் இல்லாத ஒருவன் ஒரு விவசாயியை அணுகி, நீ கிணற்றில் போடப்பட்டிருக்கிறாய், நான் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி 15 ஷில்லிங் வாங்கியதற்காக 12 மாதச் சிறை அனுபவித்திருந்தான்.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. தண்டனை கிடைத்தது சபித்ததற்காக அல்ல, சாபத்தை நீக்கியதற்காக. பிரிட்டனில் 1736 முதல் சூனியம் என்பது சட்டத்தின் பார்வையில் இல்லாத ஒன்று. இருப்பதாகப் பாசாங்கு செய்வதுதான் குற்றம். ஒருவரைச் சபிப்பதற்குப் பணம் கொடுத்தவர் தான் ஏமாற்றப்பட்டதாக நீதிமன்றத்துக்கு வரமாட்டார். வந்தால் தன் பகையை ஊரறியச் சொல்ல வேண்டும். நோயாளியின் மனைவிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே நீதிமன்ற ஏட்டில் பதிந்ததெல்லாம் மீட்பின் கதைகள்.

மேலும், அந்த 15 ஷில்லிங் வழக்கில் சபித்தவர் என்று ஒருவரே இல்லை. யாரும் அந்த விவசாயியின் பெயரை எழுதவில்லை, யாரும் எதையும் நீரில் போடவில்லை. மீட்பவன் வந்து சொன்னதே சாபமாயிற்று. ஜாக்கிடம் வந்த பெண்ணின் கணவரையும் எவரேனும் உண்மையில் போட்டிருந்தார்களா, அல்லது குவளையால் நீரை இறைத்துக்கொண்டிருந்த கையே அந்தக் கல்லையும் உள்ளே நழுவவிட்டதா என்பது வழக்கின் கேள்வியாகவே இருக்கவில்லை. ஒரு கிணறு சாபத்தை ஏற்றுக்கொள்ளும் என்று வட்டாரம் முழுவதும் நம்பிவிட்டால், அதற்குப் பிறகு சபிக்கிறவர்கள் தேவையில்லை. நோயும், ஒரு பழைய பகையும், எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல ஓர் ஆளும் போதும்.

சிறையிலிருந்து வந்த பிறகும் ஜாக்கைத் தேடி ஆட்கள் வந்தார்கள். முதுமையில் அவர் சமயப்பற்று மிகுந்தவராகித் தொழிலைக் கைவிட்டார். தம் கதையை ஒருவரிடம் சொல்ல, அது அவர் காலத்துக்குப் பின் வேல்ஸ் மொழியில் சிறு நூலாக அச்சாயிற்று. அந்தக் கிணற்றின் ஆற்றலைத் தாம் ஒருபோதும் நம்பியதில்லை என்று அதில் அவர் சொல்கிறார். ஊற்று இன்றும் தனியார் நிலமொன்றில் கசிந்துகொண்டிருக்கிறது.